படத்தில் இல்லாத தொட்டில்

ஆறாம் வகுப்பில் நான் ஒரு மாதா கோவில் கட்டினேன். நான் கட்டினேன் என்பது பேச்சுக்கு. அட்டையை வெட்டியது அப்பா, சுவரில் மாட்ட வெள்ளிக் காணிக்கைகள் செய்தது அம்மா. நான் மேஸ்திரி வேலை பார்த்தேன். அதாவது, பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் ஓர் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில் இருந்தோம். கரூரிலிருந்து வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஐரோப்பாவின் பழைய கட்டடம் ஒன்றை மாடலாகச் செய்து வரச் சொல்லியிருந்தார் டீச்சர். வகுப்பில் பாதிப் பேர் சாய்ந்த கோபுரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். நான் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த தடித்த புத்தகத்தைப் புரட்டிய அம்மா ஒரு பக்கத்தைத் தாண்டவே இல்லை. இத்தாலியின் தெற்கு ஓரத்தில், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மீனவ ஊர்க் கோவில். உள்ளே மாதாவின் பக்கப் பீடத்தை ஒட்டிய சுவர் முழுக்க வெள்ளித் தகட்டில் கண்கள், கால்கள், கைகள், இதயங்கள்.

"வேளாங்கண்ணியில பாத்த மாதிரியே இருக்குது பாரு கண்ணு. அந்தச் சனத்துக்கும் இதே கஷ்டந்தான் போல."

அம்மா கரூரில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவள். எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் மாதாவும் சண்டை சச்சரவில்லாமல் இருந்தாள். ஆகவே எந்தக் கோவில் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அம்மா இதைச் சோபாவில் படுத்தபடிதான் சொன்னாள். அந்த நாட்களில் எல்லாவற்றையும் படுத்தபடிதான் சொன்னாள். எனக்குச் சொல்லப்பட்ட காரணம் இடுப்பு வலி. உண்மையில் அவளுக்கு அது நாலாம் மாதம். எனக்குப் பிறகு இரண்டு முறை தரித்து, இரண்டு முறையும் கலைந்திருந்தது. இதுவாவது தங்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஐந்து மாதம் முடியும்வரை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த 'வெளியே'யில் நானும் அடக்கம். என் வாயில் எதுவும் நிற்காது என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே ஸ்கூல் பஸ் முழுக்கத் தெரிந்திருக்கும்.

கட்டட வேலை நடந்தது. அப்பா ஆபீஸ் மீட்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டே டெலிவரி அட்டைப்பெட்டிகளைச் சுவராக வெட்டினார். கடற்கொள்ளையருக்குப் பயந்து கனமான சுவரும் சின்ன ஜன்னல்களுமாகக் கட்டினார்கள் என்று புத்தகத்தில் இருந்ததால், ஒரு சுவருக்கு நான்கு அட்டை வைத்து ஒட்டச் சொன்னேன். பின்னால் வந்த தலைமுறை உள்பக்கத்தை மட்டும் சுண்ணப்பூச்சும் தங்க முலாமுமாக இழைத்துவிட்டதாம். வெளியே பார்த்தால் கோட்டை, உள்ளே போனால் கல்யாண வீடு. தங்க முலாமுக்கு அம்மாவின் பழைய பட்டுப்புடவைப் பெட்டியின் தாள் உதவியது.

தூண்களில்தான் வம்பு வந்தது. கிச்சன் டவல் சுருள், ஊதுபத்திக் குழல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அப்பா நிறுத்தியதில், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நான் அழுதேன். சமாதானமாகப் புத்தகத்தைப் படித்துக் காட்டிய அம்மா, அதே பக்கத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்தாள். அசல் கோவிலின் தூண்களும் ஒரே அளவில் இல்லை. இடிந்துபோன ரோமானியக் கோவில்களிலிருந்து இடத்துக்கொன்றாகப் பெயர்த்து வந்தவை. குட்டைத் தூணுக்கு அடியில் உயரமான கல்லைக் கொடுத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள்.

"பாத்தியா, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே என்னை மாதிரி ஒருத்தன் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கான்," என்றார் அப்பா.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா பதறிப்போய், சிரித்தது போதும், பேசாமல் படு என்றார். சிரிப்பதற்குக்கூட இந்த வீட்டில் தடையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

காணிக்கைகளை அம்மா மூன்று நாள் செய்தாள். மெல்லிய அட்டையில் வெட்டி, சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, ஈர்க்குச்சி முனையால் கண்ணுக்கு இமையும் கைக்கு விரலும் கீறினாள். நான் புத்தகத்தில் இருந்த படத்தை வைத்துக்கொண்டு எண்ணிச் சரிபார்த்தேன். வரலாற்றுத் துல்லியத்துக்குப் பத்துப் பாயிண்ட் என்று டீச்சர் கொடுத்த தாளில் இருந்தது. அந்தப் பத்தையும் விடுவதாக இல்லை. கடைசி நாள், கோவிலைத் தன் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொல்லி, மாதாவின் காலடியில் அம்மாவே எதையோ ஒட்டினாள்.

மறுநாள் காலை, எடுத்துப் போகுமுன் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தபோதுதான் கவனித்தேன். ஒரு தொட்டில். கட்டைவிரல் நகத்தளவு. உள்ளே ஒரே ஓர் அரிசி மணி. படத்தைப் பார்த்தேன், அதில் தொட்டில் இல்லை. பிய்த்தெடுத்துக் குப்பையில் போட்டேன்.

நான் கோட்டு மாட்டும்போது அம்மா சோபாவிலிருந்தே கோவிலை எட்டிப் பார்த்தாள். "மாதா காலடியில ஒண்ணு வெச்சிருந்தனே சாமி?"

"அது படத்துல இல்லம்மா. டீச்சர் பாயிண்ட்ஸ் கட் பண்ணுவாங்க."

எங்கே போட்டாய் என்று கேட்டாள். சொன்னேன். அந்தக் குப்பைப் பையை அப்பா அப்போதுதான் கீழே கொண்டுபோயிருந்தார். அம்மா அவருக்கு போன் செய்து திரும்ப எடுத்து வரச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்த அப்பா, டிரக் வந்து அள்ளிப் போய்விட்டது என்றார். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். சரி விடுங்க என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். ஒரு துண்டு அலுமினியத் தாளுக்கு இத்தனை கலாட்டாவா என்று நினைத்தபடி நான் படி இறங்கினேன்.

துல்லியத்துக்கு எனக்குப் பத்துக்குப் பத்து கிடைத்தது. அது எனக்குச் சேர வேண்டியதல்ல என்பது காலேஜில் படிக்கும்போது தெரிந்தது. தெற்கு இத்தாலிக் கோவில்களின் சுவர்களில் துணி சுற்றிய கைக்குழந்தைகளும் வெள்ளியில் நிறையவே தொங்குகின்றன. ஒரு படத்தில் இல்லை, அவ்வளவுதான். புத்தகம் பார்த்த எனக்குத் தெரியாதது, படுத்துக் கிடந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் ஒருநாள், பஸ் ஸ்டாப்பில் அப்பாவுக்குப் பதில் கீழ்வீட்டு ஆன்ட்டி நின்றிருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஹாஸ்பிட்டலில் இருக்கிறாள் என்றார். இரண்டு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே தூங்கினேன். அம்மா திரும்பி வந்து, பெட்ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தெரிந்த ஆன்ட்டிகள் ரசமும் சாதமும் டப்பாக்களில் கொண்டுவந்து, என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். சீக்கிரம் சரியாகிவிடும் என்றார் அப்பா. எது என்று அவர் சொல்லவில்லை.

அந்தத் தொட்டிலுக்கும் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அலுமினியத் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பதினொரு வயதில் நான் என் அறிவுக்கு எட்டியபடி யோசித்தேன். அம்மா வருத்தமாக இருக்கிறாள். சமீபத்தில் நான் செய்த ஒரே தப்பு, அவள் செய்ததைத் தூக்கிப் போட்டது. அப்படியென்றால் அதைச் சரிசெய்வதும் என் பொறுப்பு. சமையலறையில் உட்கார்ந்து அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக மடித்து, அம்மாவுடையதைவிடப் பெரிதாக, நான்கு மூலையிலும் நூல் கட்டி, ஆட்டினால் ஆடுகிற மாதிரி ஒரு தொட்டில் செய்தேன். மறக்காமல் டப்பாவைத் திறந்து ஓர் அரிசி மணியும் எடுத்துப் போட்டேன்.

அம்மாவின் தோளைத் தொட்டு எழுப்பி, உள்ளங்கையில் வைத்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலால் அரிசியைத் தொட்டாள். பிறகு என்னைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதாள். வாசலில் நின்றிருந்த அப்பா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். என் கைவேலையைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

"அழகா இருக்குதாம்மா?" என்றேன். "இன்னொண்ணு செஞ்சு தரட்டுமா?"