செவலை ஈன்ற இரட்டைக் கிடாக்கள்

கிடாக்குட்டியின் வால்முடியை விரலில் சுற்றி, ஒரே வெடுக்கில் பிடுங்குகின்றன கைகள். ஒவ்வொரு முடியையும் வெளிச்சத்தில் பிடித்து, நுனியில் வேர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே உறையில் இடுகின்றன. அடுத்த குட்டியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கின்றன.

அந்தக் கைகள் நவமணி என்ற பெண்மணியுடையவை. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டின் பின்னால் பதினொரு பாலாடுகள் வைத்திருக்கிறார். முதல் தடவை கத்தரிக்கோலால் வெட்டி அனுப்பினார். ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பிவிட்டது. மரபணுச் சோதனைக்கு வேர் வேண்டுமாம். “சாமிக்கு முடி எறக்குற மாதிரி எறக்கிட்டேன்லா” என்று இன்றும் சிரிப்பார்.

எட்டு வருடமாகக் காலையும் மாலையும் பாலை நிறுத்து நோட்டில் எழுதுகிறார். “பொட்டையில பாலு கண்ணுக்குத் தெரியும். கெடாவுல எங்க போய்த் தேடுறது?” ஒரு கிடாவின் தரம் தெரிய, அதன் மகள்கள் பால் கறக்கும்வரை மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஆடுகளின் பாலளவையும் மரபணுவையும் ஒப்பிட்டு வைத்திருக்கும் ஆய்வுக்கூடமோ குட்டியிலேயே கணித்துவிடும்.

செவலை என்ற ஆடு ஈன்ற இரட்டைக் கிடாக்களில் ஒன்று முனியாண்டி சாமிக்குப் பலியாக நேர்ந்துவிட்டது. மற்றது பட்டியில் இனம் பெருக்கும் பொலிகிடா. வாட்டசாட்டமானது கோயிலுக்கு, மிஞ்சியது பட்டிக்கு என்பதுதான் லைன் வழக்கம். அப்படிக் கொடுத்துக் கொடுத்தே ஓர் ஆட்டின் பால் மூன்று லிட்டரிலிருந்து இரண்டாகிவிட்டது என்பது நவமணியின் கட்சி.

கோயில் தலைவர் வேலப்பன் இரட்டையில் வாட்டசாட்டமான பெரியவன்மேல் கண் வைத்து வந்தார்.

“பேப்பர் வரட்டும்ண்ணே. எதுக்குப் பாலு கம்மியோ, அது சாமிக்கு.”

“சாமியையே கியூவுல நிக்க வெக்கிறியா?”

“நிக்கட்டும்லா. நான் எட்டு வருசமா நிக்கிறேன்.”

மனசு மட்டும் சின்னவன் பக்கம் இருந்தது. தாய் முட்டித் தள்ளிய அவனுக்குப் புட்டிப்பால் கொடுத்தவர் நவமணி. சமையலறைவரை பின்னாலேயே வருவான்.

ஆய்வுக்கூடத்துத் தாள் வந்தது. மகள் உமாதேவி இரண்டு முறை படித்தாள். பால் கணிப்பில் பெரியவன் மேலே, சின்னவன் வெகு கீழே.

“ம்மா, வேற கெடா வாங்கிக் குடுத்துறலாம்மா.”

“நேந்தது செவலையோட குட்டிய. எனக்கொரு சட்டம், மத்தவங்களுக்கு ஒண்ணாடி?”

திருவிழாக் காலையில் சின்னவனைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, மாலை போட்டார். புட்டி என்று நினைத்து அவன் அவருடைய விரலைச் சப்பினான். கொஞ்ச நேரம் சப்பவிட்டார். பிறகு விரலை உருவிக்கொண்டு, கயிற்றை வேலப்பனின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களைத் தானே ஒவ்வொன்றாக மடக்கினார்.