தாழ்ப்பாள் போடாத வீடு

மன்னார் நகரத்தின் ஓரத்தில், நிறஞ்சலாவின் வீட்டுக் கதவில் நல்ல தாழ்ப்பாள் ஒன்று உண்டு. அவள் உள்ளே இருக்கையில் அதைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. படுக்கும்போதுகூடக் கதவு சும்மா சாத்தித்தான் கிடக்கும். கள்வருக்கு அழைப்பு வைத்திருக்கிறாள் என்று அயலுக்குள் பகிடி. அவளுக்குக் கள்வரிடம் பயமில்லை, மூடிய இடத்தில்தான் பயம். சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளையாக இந்தியாவுக்குப் படகேறிய அன்று, வலைகளோடு வலையாக அவளைக் கிடத்தித் தறப்பாள் விரிப்பால் மூடினார்கள். கடற்படைக்குச் சத்தம் கேட்காதபடி அம்மா அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே அகதி முகாமில் வளர்ந்து, ஊர் திரும்பி, பஸ் ஓட்டுகிற தனஞ்சயனைக் கலியாணமும் கட்டியாயிற்று. அந்தத் தறப்பாள் மட்டும் இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் சாம்பி வந்து சேர்ந்தது. அவள் வேலை செய்யும் தையல் கடை வாசலில் அலைந்து திரிந்த சாம்பல் நிறப் பூனை. நாய்கள் அதன் பின்னங்காலைக் கிழித்துவிட, பக்கத்து வீட்டு ஜெஸ்லியாவும் அவளுமாகச் சாக்கில் போட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள்.

"காயம் ஆறுமட்டும் வெளியில விடாதேங்கோ," என்றார் வைத்தியர். "இந்தக் காலோட ஓடேலாது. நாய் திரும்பப் பிடிச்சால் பிறகு என்னட்டைக் கொண்டுவரத் தேவையில்லை."

திரும்பி வரும் வழியில் ஆட்டோவுக்குள் பூனை கத்திய கத்தலைத் தாங்கமாட்டாமல் நிறஞ்சலா சாக்கின் கட்டை அவிழ்த்தாள்.

"என்னக்கா செய்யிறியள்? பாய்ஞ்சிடுமெல்லோ," என்றாள் ஜெஸ்லியா.

"மூச்சு முட்டும் பிள்ளை. உனக்கு அது தெரியாது."

கை நிறையக் கீறல் வாங்கியதுதான் கண்ட பலன்.

வீட்டுக்குள் சாம்பி அலுமாரிக்கடியில் புகுந்துகொண்டது. மீன் வைத்தாலும் தொடவில்லை. ஆள் நடமாடும் அசுமாத்தம் அடங்கியதும் கதவடிக்கு வந்து பிறாண்டும். யன்னல்களுக்கு நுளம்பு வலை அடித்திருந்தது, கதவுதான் பிரச்சினை. சும்மா சாத்தினால் பூனை போய்விடும். தாழ்ப்பாளைப் போட்டால் தன் உயிர் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் கதவோடு ஒரு கதிரையை இழுத்து வைத்தாள். பெரிய வித்தை கண்டுபிடித்துவிட்ட நினைப்பு.

"அந்தக் கதிரை உன்ர பூனையை விட நோஞ்சான்," என்று சிரித்தான் தனஞ்சயன். "தாழ்ப்பாளைப் போடன்."

"ஏலாது."

அதற்கு மேல் அவன் வற்புறுத்தவில்லை.

சோளகக் காற்று பேயாய் அடித்த ஒரு பின்னேரம், அவள் குசினியில் நிற்கையில் கதிரை விழும் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. சாம்பி ஒரு காலைத் தூக்கியபடி முற்றத்து நடுவில் நிற்கிறது. படலைக்குள்ளால் நாய்கள் நுழைகின்றன.

எப்படி ஓடினாள், எப்படித் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே வந்து கதவை முதுகால் சாத்தினாள். வெளியே நாய்கள் பாய்ந்து விழ, கதவு நீங்கி நீங்கி மூடியது. கதிரை எட்டாத தூரத்தில் கிடந்தது. அவள் கை தாழ்ப்பாளுக்குப் போய்ப் பாதியில் நின்றது. அப்போது நாய் ஒன்றின் மூக்கு இடுக்கில் நுழைந்தது. உள்ள பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். யன்னலால் காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை. திற, திற என்றது. வெளியே இன்னும் உறுமல் கேட்டது. மடியில் சாம்பி வீரிட்டுக் கத்தியது. அவள் கை தானாகவே அதன் வாயைப் பொத்தப் போனது. திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

"நீ கத்து," என்றாள் அழுகையோடு. "இஞ்ச ஒருத்தரும் உன்ர வாயைப் பொத்த மாட்டினம்."

பொழுதுபடத் தனஞ்சயன் வந்து கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவன் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

"நிறஞ்சலா, என்ன நடந்தது? உள்ளுக்கை இருக்கிறியோ?"

"இருக்கிறன்," என்றாள் உள்ளேயிருந்து. "வெளியில நாயள் நிக்குதுகளோ?"

"ஒண்டும் இல்லை. திறவன்."

"கொஞ்சம் பொறுங்கோ. சாம்பி இப்பதான் மீனில வாய் வைக்குது."

தனஞ்சயன் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.