பாப்பா ஏன் திரும்பவில்லை?

போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஆரம்பித்தது இந்த வினை. எங்கள் வீடு திருவானைக்காவலில். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். காவிரியில் நல்ல தண்ணீர், படித்துறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஆழத்துக்குப் போகாதீர்கள் என்று மைக்கில் போலீஸ்காரர் கத்திக்கொண்டே இருக்கிறார், பக்கத்தில் யாரோ மேளம் வேறு. சுற்றியிருந்த கைக்குழந்தைகளெல்லாம் வீறிட்டு அழ, என் மகள் மட்டும் என் தோளில் சாய்ந்து தண்ணீரையே வேடிக்கை பார்த்தாள். எனக்கு ஒரே பெருமை. கூட வந்திருந்த என் அக்காதான் குண்டைத் தூக்கிப் போட்டாள். "டேய், இவ்வளவு சத்தத்துக்கு ஒரு தடவைகூடத் திரும்பலையேடா. பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு பார்த்தியா?"

அவ்வளவுதான். அன்றைக்குச் செய்த சித்ரான்னம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் விடமாட்டேன். துவாக்குடியில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷமாகக் கிரைண்டிங் வேலை. வெல்டிங் வைத்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்குவதுதான் என் பிழைப்பு. அதே புத்தியோடு வீட்டிலும் ஆராய்ச்சியில் இறங்கினேன். பாப்பா பாயில் உட்கார்ந்து விளையாடும்போது ஓசைப்படாமல் பின்னால் போய் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி அடிப்பேன். முதல் தடவை திரும்பினாள். என் நிழல் விழுந்திருக்கும் என்று அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவது தடவை அரைகுறையாகத் திரும்பினாள். அதற்குப் பிறகு தட்டு நசுங்குகிற மாதிரி அடித்தாலும் அவள் பாட்டுக்குக் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தினம் காலையில் பல் தேய்த்ததும் எனக்கு இதே வேலை.

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சமையலறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் பாப்பா கூடத்திலிருந்து தவழ்ந்து வந்துவிடுகிறாள், நாள் முழுக்க என்னோடு ஏதோ பேசிக்கொண்டே இருக்கிறாள், உங்களுக்கு என்ன வந்தது என்றாள். நான் நம்பவில்லை. வேலை முடிந்து நான் வீட்டில் இருக்கிற நேரத்தில் பாப்பா பேசி என் காதில் விழுந்ததே இல்லை. மனசு தாங்காமல் இவளே கற்பனை செய்துகொள்கிறாள் என்று நினைத்தேன். டீ நேரத்தில் செல்போனில் காது ஆபரேஷன் பற்றிப் பார்த்துப் பார்த்து எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அகிலாண்டேஸ்வரி சந்நிதியில் போய் நின்றால் அம்பாள் காதில் மின்னுகிற தாடங்கம்தான் கண்ணில் படுகிறது. அங்கேயே கண் கலங்கிவிடும்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பாவத்தைச் செய்தேன். பதினோராவது மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவதாக ஏற்பாடு. என் மைத்துனர் குட்டியாக ஒரு ஜோடிக் கம்மல் வாங்கி வந்து ஆசையாகக் காட்டினார். என் வாய் சும்மா இருந்ததா? "கேக்காத காதுக்குக் கம்மல் எதுக்கு?" என்று சொல்லிவிட்டேன். மைத்துனர் பெட்டியை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

மூன்றாம் நாள் அவளே தில்லைநகரில் ஒரு கிளினிக்கில் நேரம் வாங்கிவிட்டு வந்து நின்றாள். "வாங்க, போய்ப் பார்த்துடுவோம். இல்லைன்னா நீங்களும் நிம்மதியா இருக்க மாட்டீங்க, எங்களையும் இருக்க விட மாட்டீங்க." பைக்கில் காவிரிப் பாலம் தாண்டும்போது பின்னால் பாப்பாவை அணைத்துக்கொண்டு வந்தாள்.

பரிசோதனை செய்தது ஓர் இளம்பெண். சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஒட்டிய சின்ன அறை. என்னை நடுவில் உட்காரவைத்து, பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மனைவிக்கு மூலையில் ஒரு நாற்காலி. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குரங்குப் பொம்மை. சத்தம் வரும், நீங்கள் இரண்டு பேரும் அசையாமல் இருங்கள், ஜாடை காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

முதலில் இரண்டு மூன்று தடவை 'பூம்' என்று கேட்டது. பாப்பா திரும்பினாள். உடனே குரங்குக்குள் விளக்கு எரிந்தது, அவளுக்குச் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மெஷின் நின்றுவிட்டது போல என்று நினைத்தேன். ஆனால் இவள் மட்டும் வலது பக்கம் திரும்புகிறாள், குரங்கு எரிகிறது. இடது பக்கம் திரும்புகிறாள், அந்தக் குரங்கு எரிகிறது. இவள் சத்தத்துக்குத் திரும்பவே இல்லை, குரங்கைப் பார்க்கத்தான் திரும்புகிறாள், முதலில் திரும்பியதும் அதனால்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மூலையில் மனைவியைப் பார்த்தால் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்து நானும் உடைந்துபோனேன்.

கதவைத் திறந்து அந்தப் பெண் வந்ததும் நான் எழுந்துவிட்டேன். "மேடம், பாதிக்கு மேல சத்தமே வரலையே. அவ சும்மா பொம்மையப் பார்க்கத் திரும்புறா. அதை வச்சு எப்படி சொல்லுவீங்க?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, சத்தம் வந்துச்சுங்க. ஒவ்வொரு தடவையும் வந்துச்சு. குருவி மாதிரி சன்னமா. அதுக்குத்தான் திரும்பினா. உங்களுக்குக் கேக்கலையா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். குழந்தை முதலில் திரும்பினால்தான் விளக்கு எரியும், அவள் காது இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒரே தட்டுச் சத்தத்தைத் தினம் கேட்டால், இது எப்போதும் வருவதுதான், இதில் புதுசாக ஒன்றுமில்லை என்று குழந்தை கற்றுக்கொண்டு விட்டுவிடும். படித்துறையில் ஓயாமல் வந்த சத்தமும் அப்படித்தான். அதுவும் ஒரு படிப்புதானாம். திரும்பாமல் இருந்தது மந்தம் இல்லை, கெட்டிக்காரத்தனம் என்றார். பிறகு என் வேலையைப் பற்றி விசாரித்தார். பட்டறையில் கொடுத்த காதடைப்பான் என் சாப்பாட்டுப் பையில் வருஷக்கணக்காக உறை பிரிக்காமல் கிடக்கிறது என்பதை ஒப்புக்கொண்டேன். அன்றைக்கே எனக்கும் பரிசோதனை நடந்தது. கனமான சத்தம் கேட்கும், குழந்தைக் குரல் மாதிரி மெல்லிசாக வருவது நழுவிவிடும், போனது இனி திரும்பாது, காதில் மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு அந்த நேரத்தில் ஒரு துளி வருத்தம் வரவில்லை. என் காதுதானே, போகட்டும் என்றிருந்தது. மடியில் இருந்தவளைக் கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் விசித்து விசித்து அழுதேன். மனைவி ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். மைத்துனருக்கு அங்கிருந்தே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் ஒன்று கேட்டார். "பாப்பாவுக்கு ஏதாவது வேணும்னா அம்மாவை எப்படி கூப்பிடுவா?" இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள் என்றாள் மனைவி. "அப்பாவை?"

நான் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் தவழ்ந்து வருவாள். முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று உள்ளங்கையால் பட்டுப்பட்டென்று தட்டுவாள். அவள் குறும்பு அது என்றுதான் நினைத்திருந்தேன்.

"குரலுக்குத் திரும்பாத ஆளைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்னு கத்துக்கிட்டா சார். உங்க காதைப் பத்தி முதல்ல கண்டுபிடிச்சது அவதான்."

இப்போது என் காதில் மெஷின் இருக்கிறது, அவள் வாயாடுவது முழுக்கக் கேட்கிறது. ஆனாலும் அந்த ஒரு மாதம் மனதை விட்டுப் போகவில்லை. நான் தட்டும் கரண்டியுமாக அவளிடம் குறை தேடிக்கொண்டிருந்தபோது, பேச்சுக்கூட வராத அந்தக் குழந்தை என் குறையைத் தெரிந்துகொண்டு, கூடம் முழுக்கத் தவழ்ந்து வந்து என்னைத் தொட்டுக் கூப்பிட்டிருக்கிறாள்.