மச்சான் கேட்டு வாங்கிய ஸ்பிரிங்

அந்த ஸ்பிரிங் இரண்டும் நல்ல கனம். மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிற வண்டிக்குப் போடும் ரகம். அதை வெட்டிக் குட்டையாக்கி, கறுப்பு பெயிண்ட் அடித்து, எங்கள் ரேஸ் காரின் முன்பக்கம் மாட்டியவர் என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் வண்டிப் பட்டறை. மூட்டையோடு வளைவுகளில் இறங்கும்போது பிரேக் அடித்தால் வண்டி மூக்கு குத்தும். முன்பக்கம் கெட்டியாக இருந்தால்தான் நிற்கும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "ஸ்பிரிங்குல நமக்கு எவன் மாப்ள சொல்லித் தரணும்?" என்பார். நானும் நம்பினேன்.

ரேஸ் கோவைப் பக்கம். நேர் ரோடு. நின்ற இடத்திலிருந்து கிளம்பி யார் முதலில் கோட்டைத் தாண்டுவது என்பதுதான் போட்டி. தகுதி பெற முதலில் ஆளுக்கு இரண்டு ஓட்டம். ஒன்றிலாவது நல்ல நேரம் வந்தால் அடுத்த சுற்று. வராவிட்டால் கார் விலைக்குப் போய்விடும். "இந்தத் தடவையும் ஓடலீன்னா வித்துப்போட்டு ஊட்டுக்கு வாங்க" என்று அக்கா சொல்லித்தான் அனுப்பினாள். மச்சானுக்கு அந்தக் கார்தான் உயிர். ஓட்டுவது நான். பச்சை விளக்கு விழுந்ததும் மிதித்தேன். பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றியது. புகைதான் வந்தது. பக்கத்துக் கார் போய்ச் சேர்ந்துவிட்டது. "கொசு மருந்து வண்டிடா!" என்று வேலியோரம் யாரோ கத்தினார்கள். ஒரே சிரிப்பு.

வண்டியை ஓரங்கட்டியபோது மச்சானைக் காணோம். எங்களை ஜெயித்த சேலத்துக்காரரின் கார் முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, உங்க வண்டி மூக்கத் தூக்கிக்கிட்டுப் போகுது. எங்களுது தூக்கவே மாட்டேங்குது. எனக்கு இது தெரியாதுங்க. கொஞ்சம் சொல்லுங்க" என்றார். சுற்றிலும் ஆட்கள். காலையில் அதே ஆட்களிடம்தான் எங்கள் ஸ்பிரிங்கைத் தட்டித் தட்டிக் காட்டிப் பெருமை பேசியிருந்தார். எனக்கு உடம்பு கூசியது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டேன்.

சேலத்துக்காரர் வந்து எங்கள் காரின் முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. "கிழங்கு மூட்டைக்கு நல்லா இருக்கும்ங்க" என்றார். "அதுக்கு வாங்குனதுதாங்க!" என்று மச்சானும் சேர்ந்து சிரித்தார். கிளம்பும்போது முன்பக்கம் சட்டென்று எழும்ப வேண்டுமாம். அப்போதுதான் பாரம் பின்னால் போய் டயர் ரோட்டைப் பிடிக்கும். அதற்கு உயரமான, மெத்தென்ற ஸ்பிரிங் வேண்டும். ஷாக் அப்சார்பர் சுலபமாக நீள வேண்டும், மெதுவாக அமுங்க வேண்டும். எல்லாம் மலைக்கு நேர் எதிர். அவருடையதும் எங்கள் மாதிரிக் கார்தான். தன்னிடம் இருந்த பழைய ஸ்பிரிங் ஜோடியை எடுத்துக் கொடுத்தார். மச்சான் இரண்டு கையாலும் வாங்கினார். "என்ன மாப்ள, ஹெல்மெட்டுக்குள்ள வேகலியா? அதக் கழட்டி வெச்சிட்டு ஸ்பேனரக் குடு" என்றார் என்னிடம்.

இரண்டாவது ஓட்டத்தில் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அடுத்த சுற்றில் இடம் கிடைத்தது. கை கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் மச்சான், "ஸ்பிரிங் அவருதுங்க" என்றார். அதுவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

மச்சான் இப்போது இல்லை. பட்டறை என் கையில். முந்தாநாள் வாசலூர்பட்டிக்காரர் ஒருவர் புது ரக வண்டி கொண்டுவந்தார். குடும்பத்தோடு மலை இறங்குகிற வண்டி. "முன்னாடி குதிக்குதுங்க. பாத்துரலாங்களா?" என்றார். குனிந்து பார்த்தேன். ஷாக்குக்குள் வயர் போகிறது. அப்படி ஒன்றை நான் பிரித்ததே இல்லை. "சாமான் வரணுங்க, நாளைக்கு வாங்க" என்றேன். வரவேண்டிய சாமான் எதுவும் இல்லை. மறுநாளும் அதையே சொன்னேன். தெரியாதுங்க என்று மச்சான் அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து சொன்னார். எனக்கு ஒரே ஒரு ஆளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்று காலையும் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "செரிங்க, வாரேன்" என்று வண்டியைத் திருப்பினார். முன்பக்கம் குதிக்கக் குதிக்க வளைவுப் பக்கம் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.