சிவப்பைக் குடித்த பொடி

இருநூற்றுப் பதினான்காவது கேன். காலை எட்டரைக்கு அதை ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில் இறக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து, முகம் சுளிக்காமல் எண்ணை எழுதுகிறார் பொடியக்கா. உள்ளே இருப்பது அவர் கணவர் வேலை செய்யும் சாயப்பட்டறையின் கழிவுநீர். இன்றைக்கு அட்டைக் கறுப்பு. கொடுத்தனுப்பும்போதே கணவர் சீண்டியிருக்கிறார்: "இத வெளுத்துட்டா உனக்குச் சிலை வைக்கிறேன்."

பதிவேட்டில் அவர் ஆய்வக உதவியாளர். அவர் கையாளும் நானோ பொடி பார்வைக்கு வெறும் கரித்தூள். அதற்குள் கண்ணுக்கெட்டாத கோடானுகோடித் துளைகள். தண்ணீரில் போட்டால் சாயம் போய் அவற்றில் சிக்கிக்கொள்ளும். குடித்து முடித்த பொடியைக் காற்றுப்படாமல் உலையில் சுட்டு வில்லையாக அழுத்தினால், அது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காயா என்று கேட்டால் பொடியக்கா ஒத்துக்கொள்வதில்லை. "மாங்கா ஒண்ணுதாங்க. அதையே ரெண்டு தடவ சாப்பிடறோம்."

முதலில் விஞ்ஞானிகள் சுத்தமான தண்ணீரில் சாயம் கலந்துதான் சோதித்தார்கள். பளிங்காகத் தெளிந்தது. பொடியக்கா வீட்டில் போய்ப் பெருமையடித்தபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். துணியில் நிறம் ஏற மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார்களாம், சோப்பும் சேருமாம். "நீங்க வெளுத்தது சர்பத்து." மறுநாளே முதல் கேன் வந்தது. பொடி தோற்றது. தலைமை விஞ்ஞானி இரண்டு நாள் தன் கணக்குகளையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், தினமும் ஒரு கேன் வேண்டுமென்றார். கேன் கேனாகப் பொடியைத் திருத்தி, உப்புத் தண்ணீரிலும் சாயத்தைப் பிடிக்க வைத்தார்கள்.

இப்போது விளையாட்டு வினையாகியிருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்காவிட்டால் மாதக் கடைசியில் பட்டறைக்குப் பூட்டு. கணவரின் இருபத்திரண்டு வருட வேலையும் போகும். கழிவுநீரைத் தெளியவைக்கும் பொடித் தொட்டி வைக்க முதலாளி சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: சாயம் குடித்த பொடி குப்பையாகத் தன் முற்றத்தில் குவியக் கூடாது. அப்படியானால் அதை வில்லையாக்கி விற்க வேண்டும்; விலைபோக அது ஐயாயிரம் முறை மின் ஏற்றி இறக்கியும் தாங்க வேண்டும்.

சென்ற வில்லை மூவாயிரத்து இருநூறில் படுத்துவிட்டது. பொடியில் உப்பு தங்கியிருந்தது. அன்றிலிருந்து நான்கு முறை கழுவிய இடத்தில் பதினொரு முறை கழுவுகிறார். தலைமை விஞ்ஞானியே வந்து அவசரப்படுத்தினாலும் குழாயை விட்டு நகர்வதில்லை. "பதினொண்ணுன்னா பதினொண்ணுதான் சார்."

மாலை நாலு மணிக்கு, புதிய வில்லையைச் சோதிக்கும் கருவியின் திரையில் 4,986. வேலை முடித்த கையோடு கணவர் வந்து நின்றார்; முழங்கை வரை சிவப்பு. இருபது சலவைக்கும் தன் சிவப்பு அசையாது என்பதில் அவருக்கு அத்தனை கர்வம். காலையில் வந்த கேனிலிருந்து பொடி போட்டுத் தெளியவைத்து மேசையில் வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பின் சுவடே இல்லை. சிலையை மறந்தவர்போல் திரையின் எண்ணைப் பார்த்தார்.

ஐந்து மணி தாண்டி எண் ஐயாயிரத்தைத் தொட்டது. எல்லோரும் பொடியக்காவையே பார்த்தார்கள். அவர் எண்ணை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார். பிறகு வில்லையை ஓர் உள்ளங்கையளவு மின்விசிறியோடு இணைத்துக் கணவர் பக்கம் நகர்த்தினார்.

"போன மாசம் கொடுத்தீங்களே, உங்க சிவப்பு. அதுதாங்க சுத்துது."

கணவர் குனிந்து விசிறிக்கு முகத்தைக் காட்டினார். கொஞ்ச நேரம் காற்று வாங்கினார். பின்பு சிவந்த விரல்களால் விசிறியை மெல்ல மனைவி பக்கம் திருப்பி வைத்தார்.

திங்கட்கிழமை காலை பட்டறை முற்றத்தில் தொட்டி இறங்குகிறது.