ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்ன சாட்சி

விசுவாசக் குடும்பத்தாருக்கு, செஞ்சியிலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

படுத்த படுக்கையாக இருக்கும் பதினான்கு பேருக்கு நாங்கள் தினமும் மதியச் சாப்பாடு கொடுத்து வருகிறோம். தொண்டூர் வரைக்கும் ஆட்டோவில் கேரியர் போகும். அவர்களில் பலருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சாப்பாடு. இந்த ஊழியத்தைச் சென்னையில் வேலை பார்த்த ஒரு சகோதரர் மாதாமாதம் பணம் அனுப்பித் தாங்கி வந்தார். போன ஜூன் மாதம் அவருக்கு வேலை போய்விட்டது. "மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்று ஒரு மெசேஜ் வந்தது. அதோடு சரி.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டூரில் ஏழுமலை அண்ணன் பக்கவாதம் வந்து கட்டிலில் கிடக்கிறார். பன்னிரண்டு மணிக்கே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கேரியர் போகாத நாளில் அவர் என்ன செய்வார்? நினைக்கவே பயந்தேன். கம்மலை அடகு வைத்து மளிகை வாங்கினேன்.

ஆனால் ஞாயிறுதோறும் சபையில் சாட்சி நேரத்தில் எழுந்து, "கர்த்தர் ஒரு குறையும் இல்லாம நடத்துறாரு" என்றேன். குறையை வாயால் சொன்னால் அவிசுவாசம் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, "ஆண்டவரே, நான் வெட்கப்பட்டுப் போகாமல் காத்துக்கொள்ளும்" என்று அழுவேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சமைக்கிற காசியம்மா அக்கா அரிசி டிரம்மைச் சாய்த்துக் காட்டினார். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்.

"இன்னா எஸ்தரு, நாளைக்கு ஆக்கிட்டா தீந்துடும். திங்கக்கெழம இன்னா பண்றது?"

"கர்த்தர் பாத்துக்குவாருக்கா."

"அவரு பாப்பாரு. நீதான் ஒண்ணும் கொறையில்லன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கிறியே. அப்புறம் எவன் கொண்டாருவான்?"

எனக்குக் கோபம் வந்தது. டிரம்மை நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்தேன். வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. "நாளைக்கு அரிசி இல்ல. ரெண்டு மாசமா நான் சொன்னது பொய்" என்றேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு சகோதரிதான் முதலில் வாய் திறந்தார். "ஏம்மா இத்தினி நாளா சொல்லல? உங்களுக்கு நல்லா வருதுன்னுதான நாங்க சும்மா இருந்தோம். நாளைக்குச் சாப்பாடு எங்க ஊட்டுது."

செவ்வாய்க்கிழமையை இன்னொருவர் கேட்டார். ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஒரு நாள் என்று, ஆராதனை முடிவதற்குள் பத்தொன்பது நாட்களுக்கு ஆள் கிடைத்தது. காசியம்மா அக்காவும் ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டார். பிறகு நான்கு வீடுகள் சேர்ந்தன.

வெட்கப்படாமல் காக்கும்படி கேட்டேன். ஆண்டவரோ என்னை வெட்கப்பட வைத்துத்தான் அந்தப் பதினான்கு பேரையும் காத்தார். ஏழுமலை அண்ணனுக்கு ஒரு நாளும் சாப்பாடு நிற்கவில்லை. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

அன்பானவர்களே, அவரை நம்புங்கள். அவருடைய பிள்ளைகளின் காது கேட்க உங்கள் குறையைச் சொல்லவும் துணியுங்கள். நானும் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் ஆறு நாட்களுக்கு இன்னும் வீடு அமையவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.