அல்மாஸ் எடுத்த கடல்

கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் அப்துல் குத்தூஸின் மகள் அல்மாஸுக்கு முப்பத்திரண்டு வயது வரை நீச்சல் தெரியாது. தேனிலவுக்கு வரும் ஜோடிகளை ஏரிக்கரையில் நிற்கவைத்து வீடியோ எடுப்பதுதான் பிழைப்பு. ஒருமுறை கல்யாண வேலையாக ராமேஸ்வரம் போனவள், அங்கே பெண்கள் நீச்சல் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடல்பாசி பறிக்கக் கூட்டமாகத் தண்ணீருக்குள் மறைவதைப் பார்த்தாள். கல்யாணப் படத்தைக் கொடுத்து முடித்த மறுநாளே திரும்பவும் பஸ் ஏறிவிட்டாள்.

“மலையில பொறந்த புள்ளைக்குக் கடல்ல என்னம்மா சோலி?” என்றார் அத்தா.

“அதத்தான் அத்தா பாக்கப் போறேன்.”

இரண்டு வருடம் போவதும் வருவதுமாக இருந்தாள். அவள் வயதுக்காரியான வீரம்மாள் அங்கே சிநேகிதியானாள். பாசி பறிப்பதுதான் அவளுக்குத் தொழில். “முன்னெல்லாம் இடுப்பளவுத் தண்ணியிலயே பாசி கெடக்கும். இப்பக் கடல் சூடேறிப் போச்சு, ஆழத்துக்குப் போனாத்தான் உண்டு” என்றாள். அவளிடமே நீச்சல் பழகிக்கொண்டு, அல்மாஸும் கேமராவோடு அவள் பின்னால் இறங்கினாள். மூக்கில் உப்புத்தண்ணீர் ஏற, காது அடைக்க, வீரம்மாளின் ஒரே ஒரு முங்கலை வெட்டாமல் முழுசாக எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது, அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினாள்.

அந்தப் படத்தை முதலில் கடலே பார்க்காதவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டாள். பக்கத்து ஊரான வில்பட்டியில் கேரட் மூட்டை அடுக்கும் ஷெட் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடி, வெள்ளையடித்த சுவரில் படத்தைப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூண்டுக் காட்டில் வேலை செய்யும் பெண்கள் வந்து நிறைந்தார்கள். வீரம்மாளும் மலையேறி வந்து, அத்தா கடை ஸ்வெட்டர் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சுவர் முழுக்கப் பச்சைத் தண்ணீர். வீரம்மாள் கீழே போனாள், பாறையைப் பற்றினாள், பாசியின் வேரை விட்டுவிட்டு நுனியை மட்டும் கிள்ளினாள். இன்னும் மேலே வரவில்லை. ஷெட்டில் சத்தமே இல்லை. அல்மாஸ் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்!

“மேல வா தாயி, வெரசா வா!” என்று பூண்டுக் காட்டுப் பெண்களில் ஒருத்தியான பாப்பம்மாள் எழுந்தே விட்டாள். நாலு வரப்பு தாண்டிக் கேட்கிற குரல் அது. சுவரில் தலை வெளியே வந்தது. ஷெட்டே புஸ்ஸென்று மூச்சு விட்டுச் சிரித்தது. தன் முங்கலைத் தானே அதுவரை பார்த்திராத வீரம்மாளும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “ஆத்தாடி, நானா அது?” என்றாள்.

“இன்னொருக்காப் போடு!”

ஐந்து தடவை போட வேண்டியதாயிற்று. பிறகு வீரம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள். மழை காலம் தப்பிப் பெய்து பூண்டு அழுகுவதை இவர்கள் சொல்ல, பாசி குறைவதை அவள் சொல்ல, பேச்சு ஓயவில்லை. கடைசியில் பாப்பம்மாள் அல்மாஸின் தோளைத் தட்டினாள்.

“சுவத்துல பாத்தாப் பத்தாது. எங்களக் கடலுக்கே கூட்டிட்டுப் போ.”

வருகிறவர்கள் பெயரை அல்மாஸ் அங்கேயே எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனுக்குப் பத்தொன்பது பெயர் சேர்ந்துவிட்டது. இன்னொரு வேன் பேச, செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு ஓடினாள்.